இளமையில் உழைத்தவரின் முதுமை உரிமை: கொங்கு மண் சொல்லும் வரலாறு

கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் காலத்தில் தலைமை நீதிபதியாக விளங்கிய இமாம் அபூயூசுஃப் (ரஹ்), தமது 'கிதாபுல் கராஜ்' நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். பார்வையிழந்த முதியவர் ஒருவர் ஒரு வீட்டு வாசலில் யாசிப்பதை உமர் (ரலி) அவர்கள் கண்டார்கள். அவர் ஒரு யூதர். ஜிஸ்யா வரியும் வறுமையும் வயதும் தம்மை இந்நிலைக்குத் தள்ளியதாக அவர் கூறினார். உமர் (ரலி) அவரது கையைப் பற்றித் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று, இருந்ததைக் கொடுத்தார்கள். பின்னர் பைத்துல்மால் பொறுப்பாளரை வரவழைத்து, அவரையும் அவரைப் போன்றோரையும் கவனிக்க ஆணையிட்டு, அவர்கள்மீதான வரியையும் நீக்கினார்கள். ஒருவரது இளமையின் பயனைப் பெற்றுக்கொண்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்பதே அவர்கள் காட்டிய காரணம்.

இல்லத்தில் கொடுத்தது ஈகை. பைத்துல்மாலில் வகுத்தது ஏற்பாடு. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் கோவையின் வரலாற்றிலும் காணலாம்.

கோவையின் முதல் பஞ்சாலை 1888-இல் தோன்றியது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. சுற்றுப்புறக் கிராமங்களின் இளைஞர்கள் ஆலைத் தொழிலாளர் ஆயினர். 1952-ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதிச் சட்டம் தொடக்கத்திலேயே பஞ்சாலைத் தொழிலையும் உள்ளடக்கியது. 1955-இல் ஈ.எஸ்.ஐ. மருத்துவத் திட்டம் கோவைக்கு வந்தது. இளமையின் உழைப்பிலிருந்தே முதுமைக்கான பங்கை ஒதுக்கும் முறை இவ்வாறு உருவாயிற்று.

எனினும், வைப்புநிதிச் சட்டம் முதலில் 50 பேர் பணிபுரியும் நிறுவனங்களுக்கே பொருந்தியது. 1960-இல் அவ்வரம்பு 20 ஆகக் குறைந்தது. சோமனூர், பல்லடம் வட்டாரத்தின் சிறு தறிக்கூடங்களும், கோட்டைமேடு, உக்கடம் பகுதிகளின் சிறு கடைகளும் அவ்வரம்பிற்கு வெளியே நின்றன. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைத்து, ஆண்டுக்கொரு பனியன் கம்பெனி மாறியவர்களில் பலருக்கு ஓய்வூதியத்திற்கு வேண்டிய 10 ஆண்டுப் பணிக்கணக்கு சேரவேயில்லை.

விடுபட்டோருக்காக அரசும் சில வழிகளைத் திறந்தது. காமராசர் ஆட்சியில், 1962 ஏப்ரல் 1 முதல், ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியது. 2023-இல் அத்தொகை 1,200 ரூபாய் ஆயிற்று. வக்ஃப் நிறுவனங்களில் 20 ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றிய உலமாக்களுக்கு 1981-இல் ஓய்வூதியம் வந்தது. 1982-ஆம் ஆண்டின் உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே பின்னர் நலவாரியங்கள் அமைந்தன. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டிற்கே கொண்டு வருகிறது.

இனிவரும் காலத்தின் சுமை பெரிது. 2011 கணக்கெடுப்பில் தமிழக மக்களில் 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 விழுக்காடு. 2036-இல் அது 20.8 விழுக்காட்டை எட்டும் என்பது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டிற்கும் குறைவான குழந்தைகளே பிறக்கும் மாநிலம் இது. பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை, அதில் மாற்றமில்லை. ஆனால் நான்கு பிள்ளைகள் பகிர்ந்த பொறுப்பு இன்று ஒருவர்மீது விழுகிறது. அவரும் பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருக்கலாம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளையிடமிருந்து பணம் பெற்றுத் தரலாம்; இரவில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் கையைத் தர அதனால் இயலாது.

ஆகவே ஒவ்வொரு மஹல்லாவும் செய்யவேண்டியவை சில உண்டு. தனித்து வாழும் முதியோரின் பட்டியலை ஜமாஅத் வைத்திருக்கட்டும். நலவாரியப் பதிவு 60 வயதுக்குள் முடியவேண்டியது. தறியிலும் தையலிலும் இருக்கும் நாற்பது வயதினரை இன்றே பதிவு செய்விக்கட்டும். இமாம், மோதினார் ஆகியோரின் பணிக்காலத்தை ஆண்டுதோறும் பதிவேட்டில் எழுதிவரட்டும். அவ்வேடு இல்லையெனில் 20 ஆண்டுப் பணியை எதைக் காட்டி நிறுவுவது? பைத்துல்மாலில் முதியோருக்கெனத் தனிக்கணக்கு இருக்கட்டும்.

அக்கணக்கு அண்டை வீட்டு மாற்றுமதப் பெரியவருக்கும் உரியதாகட்டும். உமர் (ரலி) அவர்கள் கைப்பற்றி அழைத்துச் சென்ற முதியவர் யார் என்பதை நாம் மறக்கலாகாது.