சேப்பாக்கத்திலிருந்து ஷோத்கங்கா வரை

சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரை நியமித்தது 1924 ஜனவரியில். பல்கலைக்கழகம் தோன்றி அதற்குள் 66 ஆண்டுகள் கடந்திருந்தன. நூல்கள் இருந்தன, அவற்றை வைக்க எழும்பூர்க் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் இடமும் கிடைத்திருந்தது. அவற்றை வாசகரிடம் கொண்டுசேர்ப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட ஒருவர்தான் இல்லை. அந்தப் பதவிக்கு ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தார்கள் என்பது நம் துறையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. முறையான நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களில் ஒருவரும் இல்லை. தேர்வானவர் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த சீர்காழிக்காரர், சீர்காழி இராமாமிருத ரங்கநாதன்.

அவர் விரும்பி ஏற்ற வேலை அல்ல அது. வகுப்பறையின் சந்தடிக்குப் பழகியவருக்கு ஆளரவமற்ற வாசிப்புக்கூடம் சில நாள்களிலேயே சலித்துவிட்டது. கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன் என்று போய் நின்றார். லண்டனுக்குப் போய்ப் பயின்று வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். இந்திய நூலகத் துறையின் போக்கை மாற்றிய முடிவு இதுதான் என்றால் மிகையில்லை.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் பெர்விக் சேயர்ஸ். ரங்கநாதன் ஏட்டுப் படிப்போடு நின்றுவிடவில்லை. நூலகம் நூலகமாக ஏறி இறங்கி, அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தார். ஒரு பெரிய கடையில் விளையாட்டுச் சாமான் விற்கும் பகுதியில், மெக்கானோ துண்டுகளை விற்பனையாளர் விதவிதமாகப் பூட்டிக் காட்டியதைக் கண்டார். நூல்களின் பொருளையும் இப்படிக் கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி சேர்த்தால் என்ன என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1925இல் ஊர் திரும்பும் கப்பலிலேயே அதற்கான வேலையைத் தொடங்கிவிட்டார். 1933இல் கோலன் பகுப்புமுறையாக அது அச்சேறியது. இன்று இணையக் கடையில் விலை, நிறம், அளவு என்று ஒவ்வொன்றாகத் தட்டி வேண்டியதைச் சலித்தெடுக்கும் இளைஞருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தச் சலித்தெடுப்பின் அடிப்படையான கூறுபடுத்தும் சிந்தனையை நூலக உலகில் முறைப்படுத்தியவர் சென்னையில் வேலை பார்த்த நூலகர் என்பதை நாமாவது சொல்லிக்கொள்ள வேண்டும்.

அடுத்து வந்த இருபதாண்டுகளைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். பூட்டிய அலமாரிகள் திறந்தன, வாசகரே அடுக்கிடையே நடந்து நூலை எடுத்துப் பார்க்கும் முறை வந்தது. நூலகம் திறந்திருக்கும் நேரம் நீண்டது. கேட்டவருக்குத் தேடிக் கொடுப்பதற்கென்றே நோக்கீட்டு நூலகர்கள் அமர்த்தப்பட்டார்கள். ரங்கநாதன் இருபதாண்டுகளில் விடுப்பே எடுத்ததில்லை, தம் திருமண நாளன்றுகூட வேலைக்கு வந்துவிட்டார் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். 1928இல் சென்னை நூலகச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டில், தம் பழைய கணித ஆசிரியர் எட்வர்ட் ராஸ் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றிக்கொண்டு நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். அவை 1931இல் நூலாயின. 1929இல் சங்கம் தொடங்கிய கோடைக்காலப் பயிற்சியை 1931இல் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. 1934இல் பட்டியலாக்க விதித்தொகுப்பு வந்தது. 1936இல் சேப்பாக்கம் வளாகத்தில், கடற்கரைக்கு எதிரே, நூலகத்துக்குச் சொந்தக் கட்டடமும் அமைந்தது.

ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்வது. சேவைத் தரம் என்று இன்று நாம் பேசுவதெல்லாம் அந்த விதியின் விரிவுதான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நம் துறையினர் பத்தாண்டுக்கு ஒரு கருவியைப் புதிதாகக் கற்றதும் இந்த ஒரு விதிக்காகத்தான்.

ரங்கநாதன் 1944இல் சென்னையை விட்டார். அடுத்து காசி, பிறகு டெல்லி. அவர் இட்ட அடித்தளத்தில் 1948இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் கிடைத்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அத்தகைய முதல் சட்டம் அது. 1957இல் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த நூலகக் குழுவுக்கும் அவரே தலைமை தாங்கினார். பல்கலைக்கழகத்துக்கு நூலகம் எவ்வளவு முக்கியம், அதன் பணியாளர் எத்தகையவராக இருக்க வேண்டும் என்பது நாட்டளவில் முறையாகப் பேசப்பட்டது அந்தக் குழுவின் வழியாகத்தான். 1966இல் மதுரை, 1978இல் அண்ணா, 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், 1982இல் பாரதியாரும் பாரதிதாசனும் எனப் பல்கலைக்கழகங்கள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் நூலகம் எழுந்தது.

அந்தத் தலைமுறையின் வேலை அட்டைகளில் நடந்தது. ஐந்துக்கு மூன்று அங்குல அட்டை, அடியில் ஒரு துளை, இழுப்பறையின் நீளத்துக்கு ஓடும் ஒரு கம்பி. புது நூல் வந்தால் ஆசிரியருக்கு ஓர் அட்டை, தலைப்புக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என்று தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு கம்பியை உருவி, அட்டையைச் சரியான இடத்தில் செருகி, மீண்டும் கம்பியைக் கோக்க வேண்டும். அகர வரிசையில் ஓர் எழுத்துத் தவறினால் அந்த நூல் தொலைந்த நூலாகிவிடும். அடுக்கில் இருந்தும் யார் கண்ணிலும் படாது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் நூல்கள் வந்து சேர்ந்த இடங்களில் இந்த வேலையைப் பிழையின்றிச் செய்தவர்கள் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. வாசிப்புக்கூடத்து ஆய்வாளர்கள் நூலின் முன்னுரையில் நன்றி சொன்னபோதும் ‘நூலகப் பணியாளர்கள்’ என்று பொதுவாகச் சொல்லிப் போனார்கள்.

1977இல் நடுவணரசு தொடங்கிய நிஸாட் என்னும் தேசிய அறிவியல் தகவல் அமைப்பு, யுனெஸ்கோ உருவாக்கிய சிடிஎஸ்-ஐசிஸ் மென்பொருளை இந்திய நூலகங்களுக்கு வழங்கிப் பயிற்சியும் அளித்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் கணினி நூலகத்துக்குள் வந்த கதையை இன்றைய தலைமுறைக்கு விளக்குவது கடினம். பெரும்பாலும் நூலகம் முழுமைக்கும் ஒரே ஒரு கணினிதான் இருக்கும். அது குளிரூட்டிய அறையில் இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கறுப்புத் திரை, எலி கிடையாது, எல்லாமே விசைப்பலகைக் கட்டளைதான். நூலின் ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எண், ஆசிரியருக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று, பதிப்பகத்துக்கு ஒன்று. அந்த எண்களை மனப்பாடம் செய்தார்கள். அட்டைப் பட்டியல் முழுவதையும் கணினிக்கு மாற்றும் வேலைக்குத் தனி ஆள் கிடையாது. வழக்கமான பணி முடிந்த பின், இழுப்பறைகளை ஒவ்வொன்றாக மேசைக்குக் கொண்டுவந்து, கம்பியை உருவி, அட்டையைப் பார்த்துப் பார்த்து உள்ளிட்டார்கள். இதற்காகத் தனி ஊதியம் கேட்டவர் அரிது.

தமிழ் நூல்கள் வேறொரு சோதனையை வைத்தன. கணினியில் தமிழ் இல்லை. ஆகவே தலைப்புகளை ரோமன் எழுத்தில் ஏற்றினார்கள். ‘ழ’வுக்கு ஒருவர் ‘இசட்’ போட்டார், இன்னொருவர் ‘எல்’ போட்டார். ஒரே ஆசிரியர் மூன்று பெயர்களில் மூன்று இடங்களில் உட்கார்ந்திருந்தார். பிறகு தமிழ் எழுத்துருக்கள் வந்தன. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு குறியாக்கம் என்பதால் ஒரு கணினியில் தமிழாக இருந்தது இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகையையும் குறியாக்கத்தையும் ஒழுங்குபடுத்த வழிசெய்தது. 2010இல் தமிழக அரசு யுனிகோடை ஏற்றது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஏற்கனவே ஏற்றிய பதிவுகளைத் திரும்பவும் எடுத்துத் திருத்தியவர்கள் நம் பட்டியலாக்கப் பிரிவினர். ஆங்கில நூல்களை மட்டும் கையாண்ட நூலகருக்கு வாய்க்காத ஒரு தேர்ச்சியை, எழுத்துக்கு அடியில் இருக்கும் குறியாக்கத்தைப் பற்றிய அறிவை, இந்தச் சிரமமே நமக்குத் தந்தது.

தொண்ணூறுகள் இணைப்பின் காலம். 1991இல் மானியக் குழுவின் திட்டமாகத் தொடங்கிய பல்கலைக்கழக நூலக வலையமைப்பான இன்ஃப்லிப்நெட், 1996இல் தனித்த பல்கலைக்கழக இடை மையமாக உயர்ந்தது. 1993இல் சென்னை நூலகங்களை இணைக்க மாலிப்நெட் வந்தது. நூலகக் கணினிமயம் பற்றி 1994 முதல் நடந்துவரும் காலிபர் மாநாடுகளில் நம்மவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டார்கள். 2000இல் இன்ஃப்லிப்நெட்டின் ‘சோல்’ நூலக மென்பொருள் வெளியானது. இந்தியப் பல்கலைக்கழக நூலகத்தின் தேவையை உள்ளிருந்து அறிந்தவர்கள் ஆக்கிய கருவி அது. அதே ஆண்டில் நியூசிலாந்தின் சிறு ஊர் நூலகம் ஒன்றுக்காக உருவாகி, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று வெளியிடப்பட்ட ‘கோஹா’ மென்பொருளும் பின்னர் நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது. நூல்களின் முதுகில் பார்கோடு ஏறியது, இரவல் சீட்டு மறைந்தது, வாசகர் தாமே திரையில் தேடும் ‘ஓபேக்’ வந்தது.

இணைய வசதி யுஜிசி-இன்ஃபோநெட் திட்டத்தின் வழியே வந்தது. அதைத் தொடர்ந்து மின்னிதழ்க் கூட்டமைப்பை 2003 டிசம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்தார். அதுவரை வெளிநாட்டு ஆய்விதழ் கப்பலில் வந்து, பதிவேட்டில் ஏறி, அடுக்குக்கு வர மாதக்கணக்காகும். சந்தா உயரும்போதெல்லாம் எந்த இதழை நிறுத்துவது என்று துறைத் தலைவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டும். கூட்டாக வாங்கும் முறை வந்ததும் அந்த நிலை மாறியது. நூலகரின் வேலையும் மாறியது. இதழை அடுக்குவதை விட்டு, எந்தத் தரவுத்தளத்தில் எப்படித் தேடுவது என்று ஆய்வு மாணவருக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியராக அவர் ஆனார். வகுப்பறையைப் பிரிய மனமில்லாமல் 1924இல் தவித்த கணித ஆசிரியருக்கு இது பிடித்திருக்கும்.

ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்று 2009 ஜூன் மாதத்து மானியக் குழு விதிமுறை சொன்னது. அவற்றைத் திரட்டிவைக்க ஷோத்கங்கா களஞ்சியம் உருவானது. பழைய ஆய்வேடுகளைப் பிரித்து, பக்கம் பக்கமாக வருடி, அத்தியாயங்களைத் தனித்தனிக் கோப்பாக்கி, மேற்தரவு எழுதி ஏற்றும் பொறுப்பு பெரும்பாலும் நூலகங்களுக்கே வந்தது. நாடு முழுவதும் இப்படி ஏறிய ஆய்வேடுகள் இன்று 5 லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஒரு காலத்தில் தேர்வாளர் இருவரும் வழிகாட்டியும் படித்ததோடு அடுக்ககத்தில் உறங்கிய உழைப்பு இப்போது எவர் வீட்டுத் திரையிலும் விரிகிறது. 2018இல் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறை வந்தபோது, ஒற்றுமை அளவு 10 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று மென்பொருளில் பார்த்துச் சொல்லும் வேலையும் நம்மிடமே வந்தது. மேற்கோளையும் திருட்டையும் அறிக்கையில் பிரித்தறியும் நுட்பத்தை மாணவர்களுக்கு அமர்ந்து விளக்கியவர்கள் நூலகர்கள்.

சேவையின் தரத்தை அளப்பதிலும் நம் மண்ணுக்கு ஒரு தொடர்பு உண்டு. எந்தத் துறையின் சேவையையும் மதிப்பிட உலகெங்கும் பயன்படும் ‘சர்வ்குவால்’ அளவுகோல் 1988இல் வெளியானது. அதை ஆக்கிய மூவரில் முதல்வர் ஏ. பரசுராமன், சென்னை ஐஐடியில் படித்தவர். வாடிக்கையாளர் எதிர்பார்த்தது என்ன, பெற்றது என்ன, இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று 22 கூற்றுகளால் அது கேட்கும். அந்த ஆய்வு டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. அதே பல்கலைக்கழகத்தின் நூலகத்தார் அமெரிக்க ஆய்வு நூலகச் சங்கத்தோடு சேர்ந்து அதை நூலகங்களுக்கு ஏற்றவாறு மாற்றி ‘லிப்குவால்’ ஆக்கினார்கள். பணியாளரின் அணுகுமுறை, தகவலைத் தானே தேடி எடுக்கும் வசதி, நூலகம் என்னும் இடம் என்று மூன்றாக அது பார்க்கிறது. மூன்றையும் 1925க்குப் பிந்தைய இருபதாண்டுகளிலேயே சென்னை நூலகர் தனித்தனியாகக் கவனித்தார் என்பதை மேலே கண்டோம். நம் நூலகத் துறைகளின் முனைவர் பட்ட ஆய்வுகளில் இவ்விரு அளவுகோல்களும் நிலையான இடம் பெற்றுவிட்டன.

2020 மார்ச்சில் கதவுகள் மூடின. வளாகத்துக்குள் மட்டும் திறந்துகொண்டிருந்த மின்னிதழ்கள், ஊருக்குப் போய்விட்ட ஆய்வு மாணவருக்கு எட்டவில்லை. இன்ஃப்லிப்நெட்டின் ‘இன்ஃபெட்’ போன்ற தொலைநிலை அணுகல் வசதியில் மாணவர்களைப் பதிவுசெய்து, கடவுச்சொல் மறந்தவருக்கு மீட்டுக் கொடுத்து, வேண்டிய கட்டுரையை வாட்ஸப்பில் அனுப்பிய நூலகர்கள் பலர். நோக்கீட்டு மேசை அந்த மாதங்களில் அவர்கள் கைப்பேசிக்கு இடம்பெயர்ந்தது.

2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தை ஏற்று, மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், அரசு சார்ந்த 6,300 கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி முதல் திறந்தன. பெரிய பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே வாய்த்தது இன்று சிறு நகரத்து அரசுக் கல்லூரிக்கும் வாய்த்திருக்கிறது. அங்குள்ள நூலகர் இப்போது உள்நுழைவுக் கணக்குகளைத் திறந்து கொடுக்கிறார், துறை துறையாகப் போய்ப் பயிலரங்கு நடத்துகிறார். ஆய்வாளர் ஒருவர் தேடும் கட்டுரை அந்த 13,000 இதழ்களுக்குள் இல்லையென்றால், அது இருக்கும் நூலகத்தைக் கண்டறிந்து மடல் எழுதிப் பெற்றுத் தருகிறார்.