கப்பலில் மாலை எப்போது தொடங்கும்?

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓர் உல்லாசக் கப்பலைத் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். அக்கப்பல் புதுச்சேரிக்கும் வரவிருந்தது. கடலூருக்கு வடக்கே இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்நகரில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் முதன்மையாகச் சுட்டியது கப்பலுக்குள் நடக்கும் சூதாட்டத்தை. உல்லாசக் கப்பல்களின் சூதாட்டக் கூடங்கள் கரையருகே நிற்கும்போது பூட்டியே இருக்கும். கப்பல் கரைநாட்டின் கடல் எல்லையைக் கடந்த பிறகே அவற்றின் கதவு திறக்கும். ஆக, அந்தக் கேளிக்கைக்கு நேரம் குறிப்பது கடிகாரமன்று, கரைக்கும் கப்பலுக்கும் இடையிலுள்ள தொலைவு!

இச்செய்தியைப் படித்தபோது எமக்கு வேறொரு கேள்வி எழுந்தது. இன்றைய உல்லாசக் கப்பலில் ஒவ்வொரு நாளும் அறைக்கு அறை ஒரு நிகழ்ச்சி நிரல் வந்துவிடுகிறது. கரை தொடாத நாள்களில் காலையிலும் பிற்பகலிலும் சொற்பொழிவுகள். ஊரில் இறங்குவதற்கு முந்தைய நாளே அவ்வூரின் வரலாறு பற்றிய பேச்சு. இரவு உணவு இரண்டு பந்தி என்றால் மேடை நிகழ்ச்சியும் இரண்டு முறை. முதற்பந்தி உண்ணும்போது இரண்டாம் பந்திக்காரர் ஆட்டம் பார்ப்பர், பின்னர் இடம் மாறுவர். பேச்சைப் பகலில் வைத்து ஆட்டத்தை இரவில் வைப்பதற்குக் காரணம் எளியது. உண்டு களைத்தவன் ஆட்டத்தைப் பார்ப்பான். பேச்சைக் கேட்டால் தூங்கிவிடுவான். இதெல்லாம் இக்காலத்து ஏற்பாடு. அப்படியானால் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கடலூர், சிதம்பரம் வட்டாரங்களிலிருந்து கடல் கடந்து போனவர்களின் மாலைப்பொழுது கப்பலில் எவ்வாறு கழிந்தது? அவர்களுக்கு நிரல் எழுதியவர் யார்?

இதற்கு விடை தேடுமுன், அவர்கள் கரையில் எத்தகைய மாலையை விட்டுச் சென்றார்கள் என்று காண்போம்.

சிதம்பரத்துக்காரருக்கு மாலை என்பது கோயில் மணியால் அளக்கப்படுவது. ஆறு காலப் பூசையில் சாயரட்சை, இரவு இரண்டாங்காலம், அர்த்தசாமம் ஆகிய மூன்றும் விளக்கேற்றும் நேரத்திலிருந்து ஊர் அடங்கும் வரையிலான பொழுதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கூத்தப்பிரானின் திருவடிகள் பல்லக்கில் பள்ளியறைக்கு எழுந்தருளி, அர்த்தசாமம் முடிந்தால்தான் நகரத்தார்க்கு நாள் முடியும்.

நகரத்தை விட்டுச் சற்று நகர்ந்தால் கணக்கே வேறு. பழைய தென்னார்க்காட்டு மாவட்டம் திரௌபதியம்மன் வழிபாட்டின் தாயகம். செஞ்சி வட்டாரம் அதன் நடுவிடம் என்றாலும் கடலூர், சிதம்பரம் பக்கத்துச் சிற்றூர்களிலும் அம்மனுக்குக் கோயில் உண்டு. அறுவடை முடிந்து வயல் ஓய்ந்திருக்கும் பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில் விழா நடக்கும். பத்து நாள், பதினெட்டு நாள், அதற்கும் மேல் என்று ஊரின் வசதிக்கேற்ப நாள்கள் நீளும். இவ்விழாவின் கால அமைப்பை வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். பிற்பகலில் பாரதப் பிரசங்கம். வில்லிபுத்தூரார் பாரதத்தை அடிப்படையாகக் கொண்டு பிரசங்கியார் கதை சொல்லிப் பொருள் விரிப்பார். வெயில் சாயும்போது முடித்துவிடுவார். ஊரார் வீடு சென்று, மாடு கட்டி, உண்டு திரும்பியதும் இரவு பத்து மணியளவில் தெருக்கூத்துத் தொடங்கும். கட்டியங்காரன் வந்து, திரைபிடித்து வேடங்கள் நுழைந்து, விடியும் வரை ஆட்டம். பகலில் காதால் கேட்டது இரவில் கண்முன் நிற்கும். எழுத்தறியாத மூதாட்டியும் கூத்தின் நுட்பமான ஓர் இடத்தில் தலையசைப்பாள் என்றால், அதற்குப் பிற்பகலின் பேச்சே காரணம். பேச்சு முன், ஆட்டம் பின் என்னும் இந்த ஏற்பாட்டை உல்லாசக் கப்பல்காரர்கள் கண்டுபிடித்ததாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்!

இத்தகைய மாலையும் இரவும் பழகிய மனிதனைப் பாய்மரக் கப்பலில் ஏற்றினால் என்னாகும்?

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் நவம்பர் 16 அன்று 342 பேருடன் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் சென்னையில் கப்பலேறியவர்கள். பிஜித் தீவுக்குச் சென்னையிலிருந்து 1903இல் கப்பல் போகத் தொடங்கியது. இக்கப்பல்களின் பயணியர் பதிவேடுகளில் தென்னார்க்காட்டின் பெயர் மீண்டும் மீண்டும் வரும்.

கப்பலில் நேரத்தை அறிவிப்பது மணி. அரை மணிக்கு ஒருமுறை அடிப்பார்கள். நான்கு மணி நேரம் ஒரு காவல் முறை. அதற்குள் ஒன்று, இரண்டு என்று ஏறி எட்டு அடியில் முறை முடிந்து ஆள் மாறும். ஆனால் மாலை 4 முதல் 8 வரையிலான முறையை மட்டும் இரண்டிரண்டு மணி நேரமாகப் பிளந்து வைத்திருந்தார்கள். அவ்வாறு பிளந்ததால் ஒரு நாளின் முறைகள் ஒற்றைப்படையாகி, அதே ஆள் அதே நள்ளிரவில் நாள்தோறும் விழிக்க வேண்டிய கொடுமை நீங்கியது. இதனால் விளைந்த பயன் இன்னொன்றும் உண்டு. மாலை 6 முதல் 8 வரையிலான அந்தச் சிறு முறையே மாலுமிகள் பாடவும் ஆடவும் கதை பேசவும் பெற்ற பொழுதாயிற்று. கப்பலின் மாலை என்பது இவ்விரண்டு மணி நேரந்தான்.

கூலிகளுக்கும் அதுவே வாய்த்தது. மாலையுணவு முடிந்தபின் மேல்தளத்தில் மேளம் தட்டலாம், பாடலாம், மல்லுக்கு நிற்கலாம். கப்பல் மருத்துவர்களுக்கான அறிவுரைகள் இதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, ஊக்குவிக்கவே சொல்லின. காரணம் கருணையன்று. 1856-57இல் கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற கப்பல்களில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கும் மேல் வழியிலேயே இறந்தனர். பெரும்பாலும் வயிற்றுப்போக்கும் காலராவும் காய்ச்சலும்தாம் கொன்றன. எனினும் மனச்சோர்வும் ஆளைக் கொல்லும் என்று அக்கால மருத்துவர்கள் உறுதியாக நம்பினார்கள். தோட்டத்துக்கு உயிருடன் போய்ச் சேர்ந்த தலைக்குத்தானே பணம்? எனவே மேளமும் பாட்டும் மருந்துப் பெட்டியில் சேர்ந்தன. இரவு 8 மணிக்கு எட்டு மணி அடித்ததும் தளம் அடங்க வேண்டும் என்பதே பொது வழக்கம். மரக்கப்பலில் திறந்த விளக்கு எமனுக்குச் சமம். இருட்டில் நூற்றுக்கணக்கானோரை மேல்தளத்தில் விட்டு வைக்கவும் அஞ்சினார்கள். ஆடவர் ஒருபுறம், குடும்பங்கள் நடுவே, தனித்த பெண்கள் மறுபுறம் என்று கீழே இறங்கிவிட வேண்டும்.

இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியலில் முடியும் கலை, எட்டு மணிக்கு முடிந்துவிடும் மாலைக்குள் எப்படி நுழைந்திருக்கும்? முழுக் கூத்து கப்பலில் ஆடியிருக்க வழியில்லை என்றே நாம் கருதுகிறோம். ஒரு விருத்தம், ஒரு தருக்கம், யாரோ ஒருவர் நினைவிலிருந்து சொன்ன பாதிக் கதை என்று துண்டு துண்டாகவே அது பயணம் செய்திருக்கும். ஆயினும் அது மறுகரை சேர்ந்தது. நேட்டாலிலும் பிஜியிலும் தெருக்கூத்து வேரூன்றியது. திரௌபதியம்மனும் தீமிதியும் உடன் சென்றனர். சிங்கப்பூரில் 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயிலின் கட்டுமானத்தில் நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிக் கைவினைஞர்களின் பங்கு இருந்ததாகக் கருதப்படுகிறது. அங்கே தீமிதிக்கு முன் பல வாரங்கள் பாரதம் படிக்கப்பட்டு, அதன் காட்சிகள் நடித்துக் காட்டப்படுகின்றன. பேச்சு முன், ஆட்டம் பின் என்னும் வரிசை கடலில் கரைந்துபோகவில்லை.

நீராவிக் கப்பலின் காலத்தில் மாலையின் சிக்கல் வேறாயிற்று. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ரஜூலாவைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் கீழைக் கடற்கரையில் அரிது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்கு நெருங்க ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. சிதம்பரத்தார் ரயிலேறி மாயூரம் வழியாக நாகை சேர்ந்து கப்பலேறுவர். பரங்கிப்பேட்டை முஸ்லிம்களுக்கு அது வணிக வழி. டெக் பயணிக்கு அறையும் இல்லை, நிரலும் இல்லை. பாய் விரித்த இடம் அவனுடையது; மாலை அவனே அமைத்துக்கொள்வது.

இங்கேதான் கடிகாரம் குறுக்கிடுகிறது. கிழக்கே ஒரு பாகை நகர்ந்தால் சூரியன் நான்கு நிமிடம் முந்தும். சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே இருபது பாகை. கதிரவன் கணக்கில் எண்பது நிமிடம். ஆனால் நாட்டு நேரங்கள் கதிரவனைப் பின்பற்றுவதில்லை. 1945 முதல் 1981 வரை மலாயா இந்தியாவை விட இரண்டு மணி நேரம் முந்தியிருந்தது. 1982இல் அது இரண்டரை மணியாயிற்று. ஆகவே கிழக்கே போகும் கப்பலில் கடிகாரத்தை வழியில் சிறிது சிறிதாக முன்தள்ளிக்கொண்டே போக வேண்டும். நாகையில் ஆறு மணியை ஒட்டி மறையும் சூரியன், பினாங்கை நெருங்கும்போது கடிகாரப்படி ஏழு மணியை ஒட்டியே மறையும். உணவு மணி அடிப்பது கடிகாரத்தைப் பார்த்து. மஃரிப் தொழுகையும் விளக்கேற்றலும் வானத்தைப் பார்த்து. நாகையில் தொழுகைக்குப் பின் வந்த உணவு, பயணத்தின் இறுதியில் தொழுகைக்கு முன்னே வந்து நிற்கும்! நோன்பு மாதமாயின் இந்த வேறுபாடு சிறியதன்று. திரும்பும் பயணத்தில் எல்லாம் தலைகீழ்.

ரஜூலாவை நடத்திய அதே கம்பெனி, அது ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் செய்த வேறொன்றையும் சொல்ல வேண்டும். 1961இல் துனேரா என்னும் படைவீரர் கப்பலை அது பள்ளி மாணவருக்கான கல்விக் கப்பலாக மாற்றியது. தேவோனியா, நெவாசா, உகாண்டா ஆகியன பின்தொடர்ந்தன. பிரிட்டிஷ் பிள்ளைகள் அவற்றில் கூட்டுத் தங்கலறைகளில் படுத்துறங்கி, வகுப்பறையில் பாடம் கேட்டு, மறுநாள் காணவிருக்கும் ஊரைப் பற்றிய சொற்பொழிவை முன்கூட்டியே கேட்டு, மாலையில் விளையாடிக் களித்தனர். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் பினாங்கில் வேலைக்கு இறங்கவிருந்த தென்னார்க்காட்டு இளைஞனுக்கு அவ்வூரைப் பற்றி முந்தைய மாலை பேசியவர் யார்? ஏற்கெனவே போய்வந்த பக்கத்துப் பாய்க்காரரே அவனது சொற்பொழிவாளர். சம்பளம், கங்காணி, வட்டிக்கடை, எவரை நம்பலாம், எவரை நம்பலாகாது என்று அவர் சொன்ன பாடத்துக்கு மணி குறிக்கப்படவில்லை. ஒருவேளை நோய்த்தடுப்புக்காகப் பயணிகளை இறக்கித் தங்க வைக்கும் தீவைப் பற்றியும் அவரே எச்சரித்திருப்பார்.

1973இல் ரஜூலா இவ்வழித்தடத்தை விட்டு நீங்கிற்று. அதன் இடத்துக்கு வந்த கப்பலின் பெயர் சிதம்பரம். அப்பெயரைக் கேட்டதும் தில்லைக்காரருக்கு ஊரும், தூத்துக்குடிக்காரருக்கு வ.உ.சி.யும் நினைவுக்கு வருவது இயல்பு. உண்மையில் அது பிறப்பால் பிரெஞ்சுக் கப்பல். டன்கர்க்கில் கட்டப்பட்டு 1966இல் பாஸ்தர் என்ற பெயரில் தென்னமெரிக்க வழியில் ஓடியது. இந்தியக் கப்பல் கழகம் வாங்கிப் பெயர் மாற்றியது. ஐரோப்பியப் பயணிகளின் மாலைக்கென்று திட்டமிட்டுக் கட்டப்பட்ட உடலில், நூற்றுக்கணக்கான படுக்கைகள் கொண்ட கூட்டறைகளைப் பொருத்தினார்கள். நீச்சல் குளம் இருந்தது. மாலையில் தமிழ்ப்படம் காட்டுவார்கள் என்று அதில் பயணம் செய்தோர் நினைவுகூர்கின்றனர். தென்னார்க்காட்டு மக்கள் போய்வந்த கப்பல்களில், மாலைக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்ட கப்பல் இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது. விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள், கடிகாரம் முன்தள்ளப்படும் அந்த இரவுகளில் மூன்று மணி நேரப் படம் பார்த்துவிட்டு உறக்கத்தில் அரை மணியை இழந்தார்கள்.

1985 பிப்ரவரி 12 அன்று, சென்னைக்குத் திரும்பும் வழியில் அக்கப்பலில் தீப்பற்றியது. பயணிகள் பலர் உயிரிழந்தனர். சிதம்பரம் அதன்பின் இவ்வழியில் ஓடவில்லை. அதே ஆண்டில் பம்பாயில் உடைபடச் சென்றது. அதற்குள் மலேசியா, சிங்கப்பூர் போவோரில் பெரும்பாலோர் விமானத்துக்கு மாறியிருந்தனர். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரம். கடிகாரத்தை ஒரே தள்ளாகத் தள்ளிவிடலாம்.