ஒல்லாந்தர் காலத்தில் ஒளித்துத் திரிந்த ஒரு குருவானவர்



பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படித்த எங்களுக்கு ஒல்லாந்தர் காலம் என்றால் யாழ்ப்பாணக் கோட்டை, தோம்பு, தேசவழமை இவ்வளவும்தான் நினைவுக்கு வரும். சமயத்துக்காக அந்தக் காலத்தில் எங்கட சனம் பட்ட பாட்டை ஒருத்தரும் பெரிதாகச் சொல்லித் தந்ததில்லை.

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அந்த வருடமே கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை போட்டார்கள். ஒரு குருவை வீட்டில் ஒளித்து வைத்தாலே மரண தண்டனை. கோயில்கள் எல்லாம் அவர்களுடைய சபைக்குப் போய்விட்டன. சனம் வெளியிலே ஒரு மாதிரியும் வீட்டுக்குள்ளே ஒரு மாதிரியும் சீவித்தது. பயத்தில் இருக்கிற சனம் அப்படித்தான் இருக்கும். அதைக் குறை சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வராது. ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்கள்தானே, அதே இயேசுவைத்தானே கும்பிட்டார்கள் என்று கேட்டால் அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இப்படி ஏறக்குறைய முப்பது வருடம் குருவானவர் இல்லாமல் கிடந்த இடத்துக்கு 1687இல் ஒருவர் வந்து இறங்கினார். யோசப் வாஸ் அடிகளார். 1651ஆம் ஆண்டு சித்திரை 21ஆம் திகதி கோவாவில் பிறந்தவர். எங்கட புத்தாண்டு கழிந்து ஒரு கிழமைக்குள் அவருடைய பிறந்தநாள் வரும். கொங்கணி பேசுகிற பிராமணக் குடும்பம். வந்ததோ கூலிக்காரன் வேசத்தில். கூட ஜோன் என்ற ஒரு பணியாள் மட்டும். இன்றைய கணக்கில் பார்த்தால் விசா இல்லை, பேப்பர் இல்லை, பிடிபட்டால் சரி!

கடற்பயணத்தில் காய்ந்து, வந்த உடனே கடும் வயிற்றுளைவு. சாகக் கிடந்தவர்களுக்கு ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துக் காப்பாற்றினாள் என்று சொல்லுவார்கள். அவளுடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போவாராம். யார் அந்த மாலையை இரண்டாம் தரம் பார்க்கிறார்களோ, அவர்கள்தான் தன்னுடைய ஆட்கள் என்று கண்டுபிடிக்கிற வழி அது. அப்படித்தான் சில்லாலைச் சனம் அவரை ஏற்று ஒளித்து வைத்தது. பகலில் மறைவு, இரவில் பூசை.

1689 நத்தார் இரவு ஒல்லாந்தச் சிப்பாய்கள் சில்லாலையில் புகுந்தார்கள். ஏறக்குறைய 300 பேர் பிடிபட்டார்கள். அடி, குற்றப்பணம், சிலருக்குக் கடூழியம். தொன் பேதுரு என்பவர் அடியாலேயே செத்தார். அடிகளார் தப்பிவிட்டார். இவ்வளவு அடி வாங்கியும் அவர் போன பாதையை அந்தச் சனம் காட்டிக் கொடுக்கவில்லை பாருங்கோ.

பிறகு அவர் புத்தளம் போனார். அது ஒல்லாந்தரின் கை எட்டாத கண்டி இராச்சியம். 1692இல் கண்டிக்குப் போனபோது, இவர் போர்த்துக்கேய உளவாளி என்று அங்கேயிருந்த ஒரு பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்துக்காரர் அரசனுக்குச் சொல்லிவிட்டார். சிறை. அங்கேயும் சிங்களம் படித்தார். அடுத்த வருட வரட்சியில் அவர் செபித்து மழை பெய்தது, அதன் பிறகுதான் அரசன் அவரை விருப்பம்போல நடமாட விட்டான் என்று எழுதியிருக்கிறார்கள். நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்குப் பெரிதாகப் படுகிறது 1697இல் நடந்தது.

அந்த வருடம் கண்டியில் பெரியம்மை. எங்கட ஊரில் அம்மாள் வருத்தம் என்று சொல்லுவினம். அரசனும் பிரபுக்களும் நகரை விட்டுப் போய்விட்டார்கள். வருத்தக்காரரைச் சொந்தச் சனமே காட்டிலும் தெருவிலும் விட்டுவிட்டு ஓடியது. அடிகளாரும் உறவினரான ஜோசப் கார்வாலோ அடிகளாரும் ஓடவில்லை. வெறுமையாய்க் கிடந்த வீடுகளில் நோயாளரைக் கிடத்தி, கஞ்சி காய்ச்சிப் பருக்கி, புண் கழுவி, ஊத்தை அள்ளி, செத்தவர்களைத் தாங்களே தாட்டார்கள். பௌத்தரா, கத்தோலிக்கரா என்று கேட்கவில்லை. மருந்து என்று சொல்ல ஒன்றும் இல்லாத காலம் அது. பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறது ஒன்றுதான் மருந்து.

கிறிஸ்தவரான ஒல்லாந்தர் தேடித் திரிந்த இந்த மனிசனுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது இரண்டாம் விமலதர்மசூரியன் என்ற பௌத்த அரசன். இதை எழுதாமல் விடுவது நியாயமில்லை. எங்கட கதைகளில் நல்லவர் கெட்டவர் எப்போதும் நாங்கள் நினைக்கிற பக்கத்தில் நிற்பதில்லை.

அவருக்குப் பின்னால் கோவாவிலிருந்து வேறு குருமாரும் வந்து சேர்ந்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். 2015 தை 14ஆம் திகதி, பொங்கலை அண்டி, பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். அன்று பின்னேரமே மடுவுக்கும் போனார். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரும் அங்கே நின்றார்கள்.

அடிகளார் 1711 தை 16ஆம் திகதி கண்டியில் இறந்தார். வயது 59. வந்து இறங்கின நாளிலிருந்து அந்த 24 வருடத்தில் ஒரு தரம்கூட அவர் கோவாவுக்குத் திரும்பிப் போகவில்லை.