நோயாளியின் அருகில் நடந்த தேர்வு

கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளின் பேச்சில் களப்பயிற்சி, செயல்முறை மதிப்பெண், பயிற்சிப் பதிவேடு என்னும் சொற்கள் இன்று அடிக்கடி வருகின்றன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, தொழிற்களத்தில் கற்பதைப் பட்டப்படிப்பின் உறுப்பாக ஆக்கச் சொல்கிறது. 2019இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமோ மாணவரை முதலாண்டிலேயே நோயாளியின் அருகே கொண்டுபோய் நிறுத்துகிறது. இவை முற்றிலும் புதியன என்று எண்ணுவோர் உண்டு. பக்தாதிலும் திமிஷ்கிலும் நடந்தவற்றை அறிந்தால் அவ்வாறு எண்ணத் தோன்றாது. எனினும் அவ்வரலாற்றைப் பெருமைக்காக மட்டும் எடுத்துரைப்பது நமக்குப் போதாது. அங்கே எது சரியாக நடந்தது, எங்கே ஓட்டை விழுந்தது என்பதையும் காண வேண்டும்.

ரய் நகரத்தவரான அபூபக்ர் அர்-ராஸி தம் ஊரிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராய் இருந்தவர். அவருடைய அவை எவ்வாறு அமைந்திருந்தது என்பதை ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் நூலாசிரியர் இப்னு நதீம் குறித்து வைத்திருக்கிறார். அர்-ராஸிக்கு அடுத்து அவருடைய மாணவர்கள் அமர்வர். அவர்களுக்கு அடுத்து அம்மாணவர்களின் மாணவர்கள். வரும் நோயாளி தம் துன்பத்தை முதலில் கடைசி வரிசையில் இருப்போரிடம் சொல்வார். அவர்களுக்கு விடை தெரிந்தால் சரி. தெரியாவிடில் அடுத்த வரிசைக்குச் செல்வார். அவர்களும் தவறினால்தான் ஆசிரியர் வாய் திறப்பார். பாடமும் சிகிச்சையும் தேர்வும் அங்கே ஒரே நிகழ்ச்சியாய் இருந்தன. இளைய மாணவருக்கு எதுவரை தெரியும் என்பது அவர் முன் இருந்த நோயாளியாலேயே வெளிப்பட்டுவிடும்.

இத்தகைய ஆசிரியர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931ஆம் ஆண்டில், மருத்துவர் ஒருவரின் பிழையால் பக்தாதில் ஒரு மனிதர் இறந்துபோன செய்தி கலீஃபா முக்ததிரின் காதுக்கு எட்டியது. மருத்துவ அறிவுடையவர் என அறியப்படாத ஒருவர் சிகிச்சையில் இறங்கினால் விளையும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்களின் அறிவிப்பு ஒன்று அபூதாவூதில் இருப்பதை நாம் அறிவோம். ஆனால் பொறுப்பாளியைப் பின்னர் பிடிப்பதால் போன உயிர் மீளாது. ஆகவே, ஸினான் இப்னு ஸாபித் சோதித்து எழுத்தால் அனுமதி வழங்காத எவரும் தொழில் செய்யலாகாது எனக் கலீஃபா முஹ்தஸிபுக்கு ஆணையிட்டார். ஸினான் ஸாபியீ மரபில் வந்த பெரும் மருத்துவர். இஸ்லாத்தைத் தழுவியது பின்னாளில்தான். பெயர்பெற்ற மருத்துவர்களும் அரசவை மருத்துவர்களும் விலக்கப்பட, நகரின் இரு கரைகளிலிருந்தும் எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் அவர் முன் வந்தனர் என்று இப்னுல் கிஃப்தி எழுதுகிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் எதற்குத் தகுதியோ அதற்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. இக்கடைசிச் செய்தியை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். தேறினார், தவறினார் என்னும் இரு பிரிவோடு அச்சோதனை முடியவில்லை. இன்ன வேலை வரை செய்யலாம் என்று ஒருவரின் எல்லையையும் குறித்துக் கொடுத்தது.

அதே நூலில் ஒரு சுவையான செய்தியும் உண்டு. நல்லுடை அணிந்த முதியவர் ஒருவர் கண்ணியமாக வந்து அமர்ந்தார். உங்கள் ஆசிரியர் யார் என்று ஸினான் வினவியதும், பொற்காசுகள் பொதிந்த காகிதம் ஒன்றை எடுத்து வைத்து, தமக்குச் சரிவர எழுதப் படிக்க வராது என்றும், குடும்பம் இத்தொழிலால்தான் பிழைக்கிறது என்றும் ஒப்புக்கொண்டார். ஸினான் சிரித்துவிட்டு நிபந்தனை விதித்தார்: அறியாத நோயில் கை வைக்கக் கூடாது, எளிய நோய்களுக்கு அன்றி இரத்தம் எடுக்கவோ பேதிமருந்து கொடுக்கவோ கூடாது. மறுநாள் வந்த இளைஞர் ஒருவர் தாம் தந்தையிடம் கற்றதாகச் சொன்னார். நேற்று வந்த அம்முதியவர்தான் அத்தந்தை! அவர் வழியை மீறாதே என்று சொல்லி ஸினான் அவரையும் அனுப்பினார்.

இதை வாசித்து நாமும் சிரிக்கலாம். ஆனால் ஒரு மாதப் பயிற்சிக்குரிய கையொப்பங்களை ஒரே மாலையில் வாங்கிவரும் வழக்கம் நம் காலத்திலும் இல்லாமற் போகவில்லை. அந்த முதியவராவது தமக்குத் தெரியாது என்பதை வெளிப்படையாகச் சொன்னார்.

பின்னர் முஹ்தஸிப்களுக்கென எழுந்த கையேடுகள் சோதனையைத் தொழில்வாரியாகப் பிரித்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஷ்-ஷைஸரி எழுதிய கையேட்டின்படி, கண் மருத்துவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் கண் பற்றிய பத்துக் கட்டுரைகளில் சோதிக்கப்பட வேண்டும். எலும்பு முறிவு பார்ப்பவர் எலும்புகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றின் வடிவத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

கற்பித்தலின் முழு வடிவைத் திமிஷ்கில் காண்கிறோம். சுல்தான் நூருத்தீன் அந்நகரில் நிறுவிய மருத்துவமனையில் அபுல் மஜ்த் என்னும் தலைமை மருத்துவர் நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்த்துவருவார். உடன் வருவோர் அவர் சொல்லும் மருந்தையும் உணவையும் எழுதி உடனே நிறைவேற்றுவர். பின்பு கோட்டைக்குச் சென்று அங்குள்ள பிரமுகர்களைக் கவனித்துத் திரும்பி, மருத்துவமனையின் பெரிய கூடத்தில் அமர்வார். நூருத்தீன் வக்ஃபாக வழங்கிய மருத்துவ நூல்கள் அக்கூடத்திலேயே இரு அலமாரிகளில் இருந்தன. மருத்துவர்களும் மாணவர்களும் சூழ்ந்திருக்க மூன்று மணி நேரம் வாசிப்பும் விவாதமும் நடக்கும். காலையில் கண்ட நோயை நண்பகலில் நூலில் தேடும் முறை இது.

இவற்றை நமக்குச் சொல்லும் இப்னு அபீ உஸைபிஆவும் அங்கே பயின்றவர்தாம். அவர் காலத்தில் தக்வார் என்னும் முஸ்லிம் மருத்துவரும் இம்ரான் என்னும் யூத மருத்துவரும் அதே மருத்துவமனையில் சேர்ந்து நோயாளிகளைப் பார்த்தனர். இளைஞரான அவர் இருவரிடமும் கற்றார். அவர்களின் பணி முடிந்ததும் ரஹ்பி என்னும் மூத்த மருத்துவரின் பக்கத்தில் அமர்ந்து, நோயை அவர் எப்படிக் கண்டறிகிறார், என்ன எழுதிக் கொடுக்கிறார் என்று கவனிப்பார்.

இதனைக் கொண்டு இஸ்லாமிய உலகெங்கும் இப்படியே கற்பிக்கப்பட்டது என்று முடிவுகட்டுவது தவறு. மருத்துவர்களில் பெரும்பாலோர் தந்தையிடமோ தனி ஆசிரியரிடமோதான் கற்றனர். மத்ரஸாக்களின் முதன்மைப் பாடம் ஃபிக்ஹாகவே இருந்தது. ஓர் ஆட்சியாளரின் ஆணையில் தொடங்கும் சோதனை அவருடனேயே மறைந்துபோகவும் கூடும்.

நிலைத்து நின்றது வக்ஃபு தாங்கிய இடங்களில்தான். தக்வார் திமிஷ்கில் இருந்த தம் வீட்டையே மருத்துவம் கற்பிக்கும் மத்ரஸாவாக வக்ஃபு செய்தார். அந்த நூருத்தீன் மருத்துவமனையின் மருந்துகளால் நலமடைந்த கலாவூன், எகிப்தின் சுல்தானான பின் 1284இல் கெய்ரோவில் பெரும் மருத்துவமனை ஒன்றை எழுப்பினார். தலைமை மருத்துவர் அமர்ந்து பாடம் சொல்வதற்கென அதில் தனி இடம் ஒதுக்கப்பட்டது. திமிஷ்கில் கற்றுக் கெய்ரோவில் வாழ்ந்தவர் இப்னு நஃபீஸ். இதயத்தின் வலப்புற இரத்தம் நுரையீரல் வழியே இடப்புறம் சேர்வதை விளக்கியவர். 1288இல் அவர் காலமானபோது தம் வீட்டையும் நூல்கள் அனைத்தையும் அந்த மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார்.