மண் சுவர் மாளிகை

லாஸ் ஏஞ்சலஸ் என்றதும் வானளாவும் கட்டிடங்களே நம் நினைவில் தோன்றும். ஆயினும் அந்நகரின் நடுவே, ஒல்வேரா வீதியில், வெயிலில் உலர்த்திய சுடாத செங்கல்லால் ஆன அவிலா இல்லம் இன்றும் நிற்கின்றது. 1818-ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கோ அவிலா என்னும் கால்நடைப் பண்ணையார் கட்டிய இது, அந்நகரில் எஞ்சிய வீடுகளுள் மிகப் பழையதாகப் போற்றப்படுகின்றது.

இரண்டரை அடி முதல் மூன்றடி வரை பருத்த சுவர்கள் பகல் வெப்பத்தைத் தாங்கி, உள்ளே குளிர்ச்சியைக் காக்கும். மண் சுவருக்குப் பகை நீரே. கூரை ஒழுகின் சுவர் கரையும். கவனிப்பாரற்றுச் சிதைந்த இவ்வில்லத்தை 1920-களில் நகராட்சி இடிக்க முற்பட்டது. கிறிஸ்டீன் ஸ்டெர்லிங் என்னும் அம்மையார் ஆதரவு திரட்டி அதனைக் காத்தார். 1930-இல் அவ்வீதி மெக்சிகோ அங்காடியாகத் திறக்கப்பெற்றது. 1971-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பழுதுற்ற இல்லம் மீண்டும் செப்பனிடப்பெற்றது.

இருப்புப்பாதை ஊழியராகிய நாம் மற்றொன்றும் நோக்குதல் வேண்டும். அவ்வீதிக்கு அருகே 1939-இல் திறக்கப்பெற்ற யூனியன் ஸ்டேஷன், பழைய சீனர் குடியிருப்பை அகற்றிய இடத்தில் எழுந்தது. ஒரு வீடு பிழைத்தது. பிழைக்க வந்தோர் வாழ்ந்த வீதிகள் மறைந்தன.

அன்பர்களே! நாமும் பிழைப்பு நாடி வந்தவர்களே. ஊரில் நம் முன்னோர் எழுப்பிய மண் சுவர் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அடுத்த விடுமுறையில் சென்று, உடைந்த ஓடுகளையேனும் மாற்றி வருவோமாக!