டப்பா மீனும் டப்பா சூப்பும்

அமெரிக்க வீடுகளின் வாரநாள் இரவுச் சாப்பாடான டூனா கேசரோலை நான் சமையல் கணக்கில் சேர்ப்பதில்லை. அது தொழிற்சாலைச் சரித்திரம். 1897இல் கேம்ப்பெல் நிறுவனத்தின் ஜான் டோரன்ஸ், சூப்பில் தண்ணீரைக் குறைத்துச் சின்ன டப்பாவில் அடைத்தார். 1903இல் கலிபோர்னியாவின் சான் பெட்ரோவில் மத்தி வரத்து படுத்துவிட, ஆல்பர்ட் ஹாஃப்ஹில் அதற்குப் பதில் சூரை மீனை, அதாவது டூனாவை, டப்பாவில் அடைத்தார்.

1934இல் கேம்ப்பெல்லின் காளான் கிரீம் சூப் வந்தது. கேசரோலின் சாஸுக்காக வெண்ணெயில் மைதாவை வதக்கி, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறிக்கொண்டு நிற்கும் பாடு ஒழிந்தது. கேசரோலுக்கு வேகவைத்த முட்டை நூடுல்ஸ், உதிர்த்த சூரை, சூப், பால், பட்டாணி ஆகியவற்றைக் கலந்தால் போதும். மேலே நொறுக்கிய உருளைக்கிழங்கு சிப்ஸ். ஓவனில் ஓரம் கொதித்துச் சிப்ஸ் சிவந்தால் எடுத்துவிடலாம். மிளகு தாராளமாகத் தூவுங்கள். உப்பு வேண்டாம், டப்பாக்காரர்களே போட்டுவிட்டார்கள்.