கிரகணமும் கெமிஸ்தமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் விஞ்ஞானம் பொதுமக்கள் முன்னிலையில் முதன்முதல் சோதனைக்கு நின்ற நாள் எது என்று எவரேனும் வினவினால், 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆம் திகதி என்று விடையிறுப்பேன். அன்று சந்திர கிரகணம். அக்கிரகணம் எப்பொழுது தொடங்கும், எவ்வளவு நேரம் நிற்கும், சந்திர பிம்பத்தில் எவ்வளவு மறையும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் குடாநாட்டில் இரண்டு விதமான விடைகள் வழங்கின. ஒன்று, பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணித்து வந்த அராலி விசுவநாத சாஸ்திரியாரின் விடை. மற்றொன்று, அராலிக்கு அயலூராகிய வட்டுக்கோட்டையில் இருந்த செமினரியின் தலைவர் தானியேல் பூவர் என்னும் அமெரிக்கப் பாதிரியாரின் விடை.

வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கப்பெற்றது. தமிழ், ஆங்கிலம் என்னும் இரு மொழிகளோடு கணிதம், வானசாஸ்திரம், இயற்கைத் தத்துவம் என்பனவும் அங்கே பாடங்களாயிருந்தன. இயற்கைத் தத்துவம் என்று அன்று சொல்லப்பட்டதைத்தான் பின்னாளில் பௌதிகம் என்றோம். செமினரியில் கற்ற இளைஞர் தம் ஊர்களுக்கு மீண்டதும் அங்கே கேட்டவற்றைத் திண்ணைகளிற் பேசியிருப்பர் அல்லவா? பூமி சுழல்கின்றது என்பதும், சந்திரனை மறைப்பது இராகு அன்று, பூமியின் நிழலே என்பதும் கேட்டார்க்குப் புதுமையாயிருந்தன. சிலருக்குச் சினமும் ஊட்டின. எனினும், கிரகணத்தை முன்கூட்டிக் கணிக்கும் வித்தை தம்மிடமே உண்டு என்று சாஸ்திரிமார் பெருமையோடு சொல்லக்கூடிய நிலை இருந்தது. ஆதலினாலே இரு திறத்தாரும் தத்தம் கணக்கை முன்னரே வெளியிட்டனர். குறித்த வேளையில் வானம் தீர்ப்புக் கூறிற்று. மூன்று கேள்விகளிலும் பூவரின் கணக்கே பொருந்தி நின்றது.

இக்கதையைச் சொல்வோர் பலரும் இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். அவ்வாறு நிறுத்துதல் சாஸ்திரியாருக்கு நீதியாகாது என்பது என் கருத்து. தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் கையாண்ட வாக்கிய முறை அற்பமானதன்று. யோன் வாரன் என்பார் 1825இல் சென்னையில் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூலிலே, புதுச்சேரியிற் கண்ட பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றிக் குறித்துள்ளார். அம்மனிதர் ஏடு ஒன்றும் எழுதுகோல் ஒன்றும் இன்றி, நிலத்திலே சோகிகளைப் பரப்பி, மனப்பாடமாகக் கொண்ட வாய்பாடுகளைக்கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணமொன்றைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமே பிசகிற்று. ஆனால் முடிவிலே பிசகு 52 நிமிடமாயிற்று. முறை நல்ல முறைதான். அதற்கு அடிப்படையான எண்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்டவை. இடையில் வானத்தைப் பார்த்து அவற்றைத் திருத்துவாரில்லை. திருத்தாத கடிகாரம் நாளடைவிற் பிந்துவதுபோல அக்கணக்கும் சற்றே விலகிப் போயிற்று. அராலியில் நேர்ந்ததும் இதுவே எனலாம்.

பூவரின் நோக்கம் விஞ்ஞானம் மாத்திரமன்று என்பதையும் மறைத்தற்கில்லை. பஞ்சாங்கக்காரரின் மதிப்புக் குறைந்தால் பழைய சமயத்தின் மதிப்பும் குறையும் என்பது பாதிரிமார் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு, கிரகணக் கணக்கைப் போல அத்துணைச் சரியாகப் பலிக்கவில்லை. இளைஞர் வானசாஸ்திரத்தைக் கற்றனர். கற்றோரிற் பலர் சைவராகவே நிலைத்தனர்.

பூவருக்குப் பின் தலைமை வகித்த ஹொய்சிங்டன், நம்மவர் முறையையும் மேனாட்டார் முறையையும் ஆராய்ந்து 1848இல் சோதிசாஸ்திரம் என்னும் நூலை வெளியிட்டார். 1841இல் உதயதாரகை என்னும் பத்திரிகை தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வெளிவரத் தொடங்கியது. சமயச் செய்திகளோடு விஞ்ஞானச் செய்திகளும் அதில் இடம்பெற்றன. செமினரி மாணவர் கறல் விசுவநாதபிள்ளை வீசகணிதம் எழுதினார். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர். ஆயினும் அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1855இல், செமினரி மூடப்பட்டுவிட்டது. பொஸ்தனிலிருந்து வந்த தூதுக்குழுவினர், ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கு வழிகாட்டுகின்றதேயன்றிச் சமயப் பணிக்கு உதவவில்லை என்று கண்டனர்.

இனி இரசாயனத்துக்கு வருவோம். அதனைத் தமிழ்ப்படுத்த முனைந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர். 1822இல் அமெரிக்காவில் மசச்சூசெற்சு மாநிலத்திற் பிறந்த இவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, நம் இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றுத் தேறியவர்களோ அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியிடங்களுக்குப் போயினர். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தான். தமிழிற் கற்றவன் தமிழர் நடுவில் தங்குவான் என்று கிறீன் முடிவு செய்தார். 1864 முதல் தமிழில் வகுப்பு நடத்தினார்.

தமிழிற் கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். வழக்கிலுள்ள தமிழ்ச்சொல் கிடைக்குமாயின் அதனைக் கொள்வது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்திலும் தமிழ் ஓசையிலும் அமைப்பது என்பன அவர் வகுத்த படிகள். மருத்துவ நூல்களுக்கு அங்காதிபாதம், சுகரணவாதம், இரணவைத்தியம் எனக் காதுக்கினிய பெயர்கள் வாய்த்தன. இரசாயன நூலுக்கோ மூன்றாம் படியிற் கால் வைக்க வேண்டியதாயிற்று. 1875இல் வெளிவந்த அந்நூலின் பெயர் கெமிஸ்தம். அதைத் தமிழாக்கியவர்கள் சப்மன், சுவாமிநாதன் என்னும் இருவர். இரசவாதம் என்ற பழஞ்சொல் இருக்கவும் அதனை விலக்கியது ஏன் என்று சிலர் கேட்கலாம். இரும்பைப் பொன்னாக்கும் வித்தையென்று அச்சொல் ஊரெங்கும் பொருள்பட்டிருந்தது. அதே பெயரைச் சூட்டினால் மாணவன் பொன் செய்யவன்றோ வருவான்! விலக்கியது நன்றே என்று கருதுகின்றேன்.

கெமிஸ்தம் என்னும் பெயர் நிலைக்கவில்லை. இரசாயனம் என்பது வழக்கில் வந்தது. தமிழ்நாட்டார் பின்னர் வேதியியல் என்றனர். கிறீனின் மூன்றாம் படி மட்டும் ஈழத்தில் நிலைத்துவிட்டது. ஒட்சிசன், ஐதரசன், காபன் என்று இங்கே வகுப்பறையிற் சொல்லக் கேட்கும் சென்னை மாணவன், அவை ஏதோ புதிய மூலகங்கள் என்று திகைத்தல் கூடும். அடிகோலியது மானிப்பாய் வகுப்பு.

கிறீன் 1873இல் தாயகம் திரும்பி, 1884இல் காலமானார். தமிழர்க்கு வைத்தியப் பணி புரிந்தவர் என்ற குறிப்பைத் தம் கல்லறையிற் பொறிக்குமாறு கேட்டுக்கொண்டவர் அவர்.

அதன் பின்னர் நெடுங்காலம் விஞ்ஞானக் கூட்டம் என்றால் கொழும்புக் கூட்டமே, மொழி ஆங்கிலமே. 1974இல் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் நிறுவப்பெற்று, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1991இல் யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கம் தோன்றியது. அந்த ஆண்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1990 முதற் குடாநாட்டுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வரவில்லை. மண்ணெண்ணெய் மிக அரிது. கண்ணாடிப் போத்தலின் அடியிலே பஞ்சை இட்டு, அது நனையும் அளவுக்கே எண்ணெய் வார்த்து, சிறு திரியேற்றி மாணவர் படித்த காலம். அக்காலத்தில் ஆண்டுக் கூட்டம் நடத்தவும் ஆராய்ச்சிக் கட்டுரை வாசிக்கவும் ஒரு சங்கம் வேண்டும் என்று சிலர் துணிந்தனர். 1995 அக்டோபர் இறுதியில் மக்கள் இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகத்தாரும் உடன் பெயர்ந்தனர். பின்னர் மீண்டனர், சங்கமும் மீண்டது.

கேட்பதற்கும் பேசுவதற்கும் அங்கே பொருள் குறைவில்லை. குடாநாடு சுண்ணாம்புக் கல்லாலானது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. மழைநீர் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படலமாய் நிற்கின்றது. கிணறு தொட்டு அதனையே பருகுகின்றோம். தோட்டத்துக்கு இடும் உரமும், மலகூடக் குழியின் கழிவும் அதே வெடிப்புகளூடே இறங்குகின்றன. ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குடாநாட்டுத் தோட்டப் பகுதிகளிற் பல கிணறுகள் அவ்வரம்பைக் கடந்திருந்தமையை ஆய்வாளர் காட்டியுள்ளனர்.

சுன்னாகத்திலே மின்னிலையத்தின் அயற் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்று 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த முறைப்பாடு நேயர்களுக்கு நினைவிருக்கும். ஒரு பரிசோதனை எண்ணெய் உண்டென்றது. மற்றொரு குழுவின் அறிக்கை தீங்கில்லை என்றது. மக்கள் வீதிக்கு வந்து, நீரைக் குடிக்கலாமா, கூடாதா என்று கேட்டனர். எந்தக் கிணற்றில், எந்த நாளில், எந்த ஆழத்தில் நீர் அள்ளப்பட்டது, எப்பொருள் தேடப்பட்டது என்பனவற்றை அவர்கட்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்பதற்குப் பலர் முன்வரவில்லை. 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் மாசு ஏற்பட்டமையை ஏற்று, மின்னிலையத்தை நடத்திய நிறுவனம் அப்பகுதி மக்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.